அந்த ஆய்வில் உங்கள் அப்பா இல்லை

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. அரிசி ஆலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கமும் அத்தனை ஆண்டுகள் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ அறிக்கையில் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் 35 சதவீதம் என்று இருக்கிறது. போன ஆண்டு மூச்சுத்திணறலுக்காக நுரையீரல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்கள் அடைபட்டுப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்தார். வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி சென்ற மாதம் ஒரு செய்தி அனுப்பினான். ‘சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் மெட்டோப்ரோலால் சாப்பிட்டால் மருத்துவமனையில் சேரும் ஆபத்து இரு மடங்கு, உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு’ என்று அதில் இருந்தது. நிபுணர்கள் சரிபார்த்து வெளியிடும் இதழ், பொய்யாக இருக்காது என்கிறான். இதயத்துக்காகச் சாப்பிட்டுவந்த அந்த மாத்திரையை அப்பா நிறுத்தி ஒன்பது நாட்கள் ஆகின்றன. இன்ஹேலர், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து எல்லாம் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். இதய மருத்துவரிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நாங்கள் இதழை நம்புவதா, டாக்டரை நம்புவதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படித்த கையோடு அப்பாவின் இதய மருத்துவரை அழைத்து, மெட்டோப்ரோலால் நிறுத்தி ஒன்பது நாட்கள் ஆகின்றன என்று சொல்லுங்கள். முடிந்தால் இன்றே, இல்லாவிட்டால் நாளைக் காலை நேரில் போய்விடுங்கள். நீங்களாகவே பழைய அளவில் மாத்திரையைத் திரும்பக் கொடுத்துவிடாதீர்கள். இதயம் பலவீனமாக உள்ளவர்களுக்கு இந்த மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் கூட்டுவோம். இடையில் சில நாட்கள் விட்டுப்போனால், மறுபடியும் எந்த அளவில் தொடங்குவது என்பதை நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், காலில் நீர் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். அட்ரினலின் போன்ற சுரப்புகள் இதயத்தை விரட்டி வேலை வாங்குகின்றன. அந்த விரட்டலைத் தணிப்பதுதான் மெட்டோப்ரோலால். இந்த வகை மருந்துகளுக்குப் பீட்டா பிளாக்கர் என்று பெயர். மாதக்கணக்கில் இந்த மருந்து உடலில் இருக்கும்போது, இதயம் அந்தச் சுரப்புகளை வாங்கிக்கொள்ளும் வாயில்களைக் கூடுதலாகத் திறந்து வைத்துக்கொள்கிறது. மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அத்தனை வாயில்கள் வழியாகவும் விரட்டல் மொத்தமாக உள்ளே வருகிறது. இதயத் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி, மறுபடியும் மாரடைப்பு, ஆபத்தான துடிப்புக் கோளாறு ஆகியவை இதனால் வரலாம். அமெரிக்காவில் இந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. அப்பாவுக்கு நெஞ்சில் அழுத்தமோ படபடப்போ மயக்கமோ வந்தாலும், மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாலும், மருத்துவரின் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் எனக்குப் புரிகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று வந்து சொன்னவர்களால் எனக்கு எந்தச் சங்கடமும் நேர்ந்ததில்லை. நிறுத்தியதைச் சொல்லாமல் விட்டவர்களுக்குத்தான், அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக நினைத்து, தேவையில்லாத இன்னொரு மருந்தைக் கூட்டி எழுதியிருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

இனி தம்பி அனுப்பிய செய்தி. அது பொய்யல்ல. அவர் குறிப்பிடும் ஆய்வு எதுவென்று எனக்குத் தெரியும். ‘பிளாக் சி.ஓ.பி.டி.’ என்று பெயர். 2019-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளிவந்தது. அமெரிக்காவில் 26 மையங்களில், 40 முதல் 85 வயது வரையுள்ள 532 சி.ஓ.பி.டி. நோயாளிகளைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேருக்கு மெட்டோப்ரோலால், மறுபாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நோய் திடீரென முற்றி மூச்சுத்திணறல் கடுமையாவது மெட்டோப்ரோலாலால் தள்ளிப்போகிறதா என்பதே கேள்வி. தள்ளிப்போகவில்லை. முதல் முற்றலுக்கு ஆன நாட்களின் இடைநிலை அளவு மருந்துப் பிரிவில் 202, வெற்று மாத்திரைப் பிரிவில் 222. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையாவது மருந்துப் பிரிவில் ஏறக்குறைய இரு மடங்கு. துல்லியமாகச் சொன்னால் 1.91. தம்பியின் செய்தியில் வரும் ‘இரு மடங்கு’ இந்த எண்தான். ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். மருந்து நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆய்வும் அல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நிதி கொடுத்தது.

இத்தனையும் உண்மையென்றால் அப்பா மாத்திரையை விட்டது சரிதானே என்று தோன்றும். இங்கேதான் அந்தக் கட்டுரையின் ஒரு வாக்கியம் செய்தியில் விடுபட்டிருக்கிறது. ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும், அந்த மருந்து தேவை என்று உறுதியான காரணம் உள்ளவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. உங்கள் அப்பாவைப் போல, இதயத்தின் திறன் 35 சதவீதமாகக் குறைந்த ஒருவர் அன்று அந்த மருத்துவமனை வாசலில் போய் நின்றிருந்தால், ‘ஐயா, உங்களைச் சேர்க்க முடியாது’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவருக்குக் கொடுக்கும் மருந்தைக் குலுக்கலுக்கு விடுவது தவறு என்பதே அதற்குக் காரணம். அப்பாவை வாசலிலேயே நிறுத்திய ஓர் ஆய்வைக் காட்டி அப்பாவின் மருந்தை நிறுத்தியிருக்கிறீர்கள். இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத் தின்றுவிட்டு மீதியை அனுப்பியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அப்பாவைப் போன்றவர்களைச் சேர்த்துச் செய்த ஆய்வு வேறு. அதையும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை. நான் பிறப்பதற்கு முன்பெல்லாம் இதயம் பலவீனமானவருக்குப் பீட்டா பிளாக்கர் கொடுப்பது பாவம் போலக் கருதப்பட்டது. ஏற்கெனவே தள்ளாடும் இதயத்தை இன்னும் அடக்குவதா என்று கேட்பார்கள். ஸ்வீடனில் யோத்தபோரி நகர மருத்துவர்கள் ஃபின் வாக்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் அப்படிப்பட்ட ஏழு நோயாளிகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் தேறினார்கள் என்று 1975-ல் எழுதினார்கள். வெளியிட்டது ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’. இன்றைக்கு அதன் பெயர் ‘ஹார்ட்’ மட்டும். ஏழே பேர். ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைப் பிரிவு கிடையாது. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு உலகம் மருந்தை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றிக்கொண்டிருக்கவும் கூடாது. பலர் சந்தேகப்பட்டார்கள், சிலர் சோதித்தார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1999-ல், ‘மெரிட் எச்.எஃப்.’ என்ற ஆய்வின் முடிவு ‘லான்செட்’ இதழில் வந்தது. 3,991 பேர். எல்லோருக்கும் இதயத்தின் திறன் 40 சதவீதமோ அதற்குக் கீழோ. நீண்ட நேரம் வேலை செய்யும் மெட்டோப்ரோலால் சாப்பிட்டவர்களில் 145 பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரைப் பிரிவில் 217 பேர். மூன்றில் ஒரு பங்கு குறைவு. உங்கள் அப்பாவின் சீட்டில் அந்த மாத்திரை இருப்பதற்குப் பின்னால் இந்த 3,991 பேர் இருக்கிறார்கள்.

‘அவர்களுக்கெல்லாம் சி.ஓ.பி.டி. இருந்ததா?’ என்று தம்பி கேட்பார். கேட்க வேண்டும். மூச்சுக்குழாயை விரித்து வைக்கும் வாயில்களும் இதயத்தில் இருக்கும் வாயில்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் அவை வேறு வேறு வகை. மெட்டோப்ரோலாலும் பைசோப்ரோலாலும் பெரும்பாலும் இதயத்து வகையை மட்டும் அடைப்பவை. பழைய ப்ராப்ரனலால் இரண்டையும் அடைக்கும். அதனால்தான் முதலிரண்டையும் சி.ஓ.பி.டி. உள்ள இதய நோயாளிகளுக்குக் கவனத்தோடு கொடுக்கிறோம். இன்றைய வழிகாட்டுதல்களும் அதையே சொல்கின்றன. அளவு மிகவும் கூடினால் இந்தப் பாகுபாடு மங்கிவிடும் என்பதால் மூச்சைக் கவனித்துக்கொண்டே கூட்டுவோம். ஆஸ்துமா வேறு கதை, அங்கே இன்னும் கடுமையான எச்சரிக்கை வேண்டும். உங்கள் நுரையீரல் மருத்துவர் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்து சி.ஓ.பி.டி. என்று உறுதி செய்திருக்கிறாரா, ஆஸ்துமாவும் கலந்திருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

2019 ஆய்வோடு கேள்வி முடிந்துவிடவும் இல்லை. 2024-ல் பிரிட்டனில் இருந்து இன்னோர் ஆய்வு வந்தது. ஆய்ந்த நோயாளிகள் 515 பேர், மருந்து பைசோப்ரோலால். நோய் முற்றுவது அதனாலும் குறையவில்லை. ஆனால் முதல் ஆய்வில் கண்ட தீங்கும் இதில் தென்படவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைப்பது இதுதான்: நுரையீரலுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு யாருக்கும் பீட்டா பிளாக்கர் எழுதக் கூடாது. இதயத்துக்குத் தேவைப்பட்டால் நுரையீரலைக் காரணம் காட்டி மறுக்கவும் கூடாது. மாரடைப்பு வந்தும் இதயத்தின் திறன் குறையாமல் நல்லபடியாக இருப்பவர்களுக்கு இந்த மருந்து நெடுநாள் வேண்டுமா என்பது இப்போது உண்மையாகவே விவாதத்தில் இருக்கிறது. 2024-ல் 5,020 பேரிடம், பெரும்பாலும் ஸ்வீடனில், நடந்த ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்குப் பயன் தெரியவில்லை. அப்பாவின் எக்கோவில் 60 என்று இருந்திருந்தால், இந்தப் பதிலை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

‘நிபுணர்கள் சரிபார்த்த இதழ்’ என்று தம்பி சொன்னது பற்றியும் சொல்ல வேண்டும். நானும் நெஞ்சக மருத்துவ ஆய்விதழ் ஒன்றுக்குச் சில ஆண்டுகளாகக் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்து கொடுக்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள், ஒரு நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதைப் போல இதை நினைத்துக்கொள்கிறார்கள். நடப்பது அதைவிட எளிமையானது. கட்டுரை வந்ததும் ஆசிரியர் குழு படிக்கிறது. பெரும்பகுதி அங்கேயே திரும்பிப் போகிறது. மிஞ்சியதை அந்தத் துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார்கள். எங்களுக்கு ஊதியம் கிடையாது. இரவு வார்டு வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து படிப்போம். ஒப்பீடு நியாயமாக இருக்கிறதா, பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர், அவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா, ஆய்வு தொடங்கும் முன் பதிவேட்டில் எழுதிவைத்த கேள்வியும் முடிவில் பதில் சொல்லும் கேள்வியும் ஒன்றுதானா என்று பார்ப்போம். இந்தியாவில் மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஒருமுறை, விலகியவர்களின் எண்ணிக்கையைத் தனியாகக் காட்டுங்கள் என்று நான் எழுதிக் கேட்டதற்கு, திருத்தி வந்த கட்டுரையின் முடிவுரையே அடக்கமாக மாறியிருந்தது. அந்த இரண்டு வரிக் கேள்வியால் யாரோ ஒரு நோயாளிக்குத் தேவையில்லாத மாத்திரை ஒன்று குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அதற்காகவே இந்த வேலையைத் தொடர்ந்து செய்கிறேன்.

ஆனால் எங்களால் முடியாததும் உண்டு. நோயாளிகளை நாங்கள் பார்ப்பதில்லை. கேஸ் ஷீட்டுகளை எங்களுக்கு அனுப்புவதில்லை. பெரும்பாலும் மூலத் தரவும் கைக்கு வராது. எழுதியவர் நேர்மையானவர் என்ற நம்பிக்கையின் மேல்தான் மொத்தமும் நிற்கிறது. கொரோனா காலத்தில் அது எப்படி உடைந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி, 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகள் என்று சொல்லி, 2020 மே 22-ல் ‘லான்செட்’ ஒரு கட்டுரையை வெளியிட்டது. தரவைக் காட்டுங்கள் என்று உலகெங்கும் இருந்து கேள்வி எழுந்தது. காட்ட முடியவில்லை. ஜூன் 4-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே நிறுவனத்தின் தரவை வைத்து, இதய நோய் மருந்துகளைப் பற்றி ‘நியூ இங்கிலாந்து’ இதழில் வந்த இன்னொரு கட்டுரையும் அதே நாளில் போயிற்று. இரண்டும் நிபுணர்கள் சரிபார்த்தவைதான். இதைச் சொல்லி இதழ்களையே நம்பாதீர்கள் என்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். இரண்டு வாரத்தில் தவறைப் பிடித்து, பிழை என்று அச்சில் ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. கைபேசியில் சுற்றிய எந்தச் செய்தி அப்படித் தன்னைத் திரும்பப் பெற்றிருக்கிறது?

இன்னொன்று உங்கள் கடிதத்தைப் படித்தபோதே உறுத்தியது. அப்பா இதயத்துக்கு ஒருவரிடமும் நுரையீரலுக்கு ஒருவரிடமும் போகிறார். அந்த இருவரும் அவரைப் பற்றி ஒருமுறையாவது பேசிக்கொண்டார்களா? மருத்துவ இதழ்களிலும் இந்தப் பிளவு உண்டு. இதயத்துக்கு ஒரு வரிசை, நுரையீரலுக்கு ஒரு வரிசை. அமெரிக்க நெஞ்சக மருத்துவர்கள் 1935-ல் காசநோய் மருத்துவர்களுக்காக ‘டிசீஸஸ் ஆஃப் தி செஸ்ட்’ என்று ஓர் இதழ் தொடங்கினார்கள். 1970-ல் அதன் பெயரை ‘செஸ்ட்’ என்று சுருக்கினார்கள். இதயம், நுரையீரல், தீவிர சிகிச்சை மூன்றையும் ஒரே அட்டைக்குள் வைத்து நடத்திய இதழ் அது. நான் மாணவனாக இருந்தபோது நூலகத்தில் அதைத்தான் முதலில் எடுப்பேன். பீடி பிடித்தவரின் இதயமும் நுரையீரலும் சேர்ந்தேதான் கெடுகின்றன. அவருக்கு மூச்சு வாங்கும்போது எது காரணம் என்று நாங்களே தடுமாறுகிறோம். கணுக்கால் வீங்குவது, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடுவது, படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவை இதயத்தைச் சந்தேகிக்கச் சொல்பவை. சளி கூடி நிறம் மாறுவதும், விசில் போன்ற ஒலியும் நுரையீரலைச் சந்தேகிக்கச் சொல்பவை. தினமும் காலையில் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருவருக்கும் அதே நோட்டைக் காட்டுங்கள்.

தம்பி மேல் வருத்தப்படாதீர்கள். தூரத்தில் இருக்கும் மகனுக்குச் செய்தி அனுப்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? அடுத்த முறை அவருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். தலைப்பை அனுப்ப வேண்டாம், யாரைச் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை என்று கட்டுரையில் ஒரு பத்தி இருக்கும், அதைப் படித்து அப்பாவின் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். சுருக்கத்திலேயே பெரும்பாலும் அது இருக்கும், காசு கொடுக்காமல் படிக்கலாம். அதை அச்செடுத்து மருத்துவரிடமே கொடுங்கள். ‘இந்த ஆய்வு அப்பாவுக்குப் பொருந்துமா?’ என்று கேட்டால், எந்த நல்ல மருத்துவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொல்வார். நீங்கள் கேட்டதற்கும் என் பதில் இதுதான். இதழையும் டாக்டரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் கண் சொட்டு மருந்து. கண் அழுத்த நோய்க்காக விடுகிறார் என்றால், குப்பியில் டைமோலால் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் பீட்டா பிளாக்கர்தான். இதயத்து வகை, மூச்சுக்குழாய் வகை இரண்டையும் அடைப்பது. கண்ணில் விட்ட துளி மூக்கின் வழியாக இறங்கி இரத்தத்தில் கலக்கும். சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு மூச்சுத்திணறலைக் கூட்டக்கூடியது, மெட்டோப்ரோலாலோடு சேர்ந்தால் நாடித்துடிப்பையும் அதிகமாகக் குறைக்கலாம். மாத்திரைப் பட்டியலில் சொட்டு மருந்தை யாரும் எழுதுவதில்லை, நாங்களும் கேட்க மறந்துவிடுகிறோம். டைமோலாலாக இருந்தால் அதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், கண் அழுத்தம் ஏறிப் பார்வை பாதிக்கப்படலாம். கண் மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்கலாம், வேறு வகைச் சொட்டுகள் இருக்கின்றன. நாளை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைகள், இன்ஹேலர், எக்கோ அறிக்கை இவற்றோடு அந்தக் குப்பியையும் பையில் எடுத்து வையுங்கள்.